சாமையைக் காப்பாற்ற விதையும் மெஷினும் போதாதா? சர்வே எதற்கு?

வரப்போரம் (இழையைத் தொடங்கியவர்) | சனி, காலை 7:52

வணக்கம் மக்களே. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறேன். சாமை, கேழ்வரகுப் பரப்பைக் கூட்ட ஒரு திட்டம் வருகிறது. மொத்த நிதியில் ஒரு பங்கை ‘சமூக, பொருளாதார ஆய்வு’க்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். இயக்குநர் கூட்டத்தில் ஒரே சத்தம். “மண்ணைப் பரிசோதிக்கிறது புரியுது. மனுஷனை எதுக்குப் பரிசோதிக்கணும்? அந்தக் காசுக்கு விதையும் ஒரு மெஷினும் வாங்கிப் போடுவோம்” என்கிறார்கள். என்னாலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

நிலைத்த உணவு முறை பற்றிப் பேசுகிற இடத்தில் இந்த மாதிரி ஆய்வு எதையாவது மாற்றியிருக்கிறதா? அறிக்கையில் எழுதுகிற வாசகம் வேண்டாம். நடந்தது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

---

நேரா_பேசு | சனி, காலை 8:30

ஒன்றும் மாற்றாது. உங்கள் இயக்குநர்கள் சொல்வது சரி.

எங்கள் பக்கம் ஒரு குழு வந்தது (பெயர் வேண்டாம்). கையில் டேப்லட். வீடு ஓடா, தார்சா? ஆடு எத்தனை? கழிப்பறை இருக்கா? போன வருஷம் உரத்துக்கு எவ்வளவு செலவு? போன வருஷ உரக்கணக்கை எந்த விவசாயி எழுதி வைத்திருக்கிறான்? வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி அனுப்பினோம். அந்த எண்ணை வைத்து யாரோ முனைவர் ஆகியிருப்பார். எங்களுக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை.

மெஷின் வாங்குங்கள். ஓடினால் கண்ணுக்குத் தெரியும், ஓடாவிட்டாலும் தெரியும்.

---

கொல்லிக்காற்று | சனி, காலை 10:14

நேரா_பேசு சொல்கிற டேப்லட் கூட்டத்தை நாங்களும் பார்த்திருக்கிறோம், அதில் சண்டையில்லை. ஆனால் ‘மெஷின் வாங்குங்கள்’ என்ற முடிவுக்கே ஒரு ஆய்வு வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு எங்கள் மலையே சாட்சி.

கொல்லிமலையை எழுபது கொண்டை ஊசி வளைவுக்காகத்தான் வெளியாட்களுக்குத் தெரியும். மேலே இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய சாப்பாடு சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு. ஒவ்வொன்றிலும் பல ரகங்கள். எந்தச் சரிவில் எதை விதைப்பது, எது மழை தப்பினாலும் நிற்கும் என்றெல்லாம் பெரியவர்களுக்கு அத்துப்படி. ரோடு வந்தது, சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் மரவள்ளிக் கிழங்கு கேட்டன, கையில் காசு புரண்டது. சாமைக் காடெல்லாம் கிழங்குக் காடாக மாறிக்கொண்டே வந்தது.

சென்னையில் இருக்கிற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வேலை தொடங்கியது. அதன் பெயரே விதைக்கும் ரகத்துக்கும் பேர்போனது. பழைய ரகங்களைச் சேகரித்தார்கள், ஊருக்குள் விதை வங்கி வைத்தார்கள். வெறும் விதைப் பிரச்சினையாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. வீடுவீடாக உட்கார்ந்து, குறிப்பாகப் பெண்களிடம் பேசியபோது வேறொன்று வெளியே வந்தது.

சாமையை விளைவிப்பது கஷ்டமில்லை. அதை அரிசியாக்குவதுதான் கஷ்டம். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல் பொறுக்கி, ஒரு வேளைச் சோற்றுக்கே மணிக்கணக்கில் ஆகும். காட்டு வேலை முடித்து வந்த பெண்ணின் தலையில்தான் அதுவும். ரேஷன் அரிசி என்றால் கழுவி உலையில் போட்டால் போதும். அப்படியிருக்க எந்தப் பெண் சாமை விதைக்கச் சொல்லுவாள்? ‘மக்களுக்குச் சிறுதானியத்தின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு வேண்டும்’ என்று மேடையில் பேசுகிறவர்களை அந்தப் பெண்களிடம் ஒரு நாள் உலக்கை பிடிக்க விட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள் சின்ன அரவை இயந்திரங்கள், மகளிர் குழு கையில் அவற்றின் பொறுப்பு, சாமை அரிசி, ராகி மால்ட் என்று பொட்டலம் போட்டுக் கீழே விற்பது என்று வேலை வேறு திசையில் போனது. ஆய்வு இல்லாவிட்டால் இன்னொரு விதை வங்கி கட்டியிருப்பார்கள்.

மலை முழுக்கச் சாமை திரும்பிவிட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் கிழங்கும் மிளகும் காப்பியும்தான் முன்னால் நிற்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

---

உலக்கைக்காரி | சனி, மதியம் 1:05

கொல்லிக்காற்றுக்கு என் ஓட்டு. தர்மபுரி பக்கம் சின்னதாக ஒரு சிறுதானிய அரவை வைத்திருக்கிறேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், உலக்கையிலிருந்து தப்பித்து வந்தவள்.

ஆனால் வரப்போரம், மெஷின் என்றதும் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சாமை மணி கடுகுக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். களத்து மண்ணும் பொடிக் கல்லும் அதே அளவில் இருக்கும். கல் நீக்கி இல்லாமல் உமி நீக்கி மட்டும் வாங்கினால் நீங்கள் விற்கிற சாமையில் பல் உடையும். மணி ஒரே சீராக இருக்காது என்பதால் தரம் பிரிக்கும் சல்லடையும் வேண்டும். இல்லையென்றால் பெரிய மணி உடையும், சின்ன மணி உமியோடு வெளியே வரும். நூறு கிலோ போட்டால் அறுபத்துச் சொச்சம் கிலோ அரிசி வந்தால் நல்ல ஓட்டம். உமி நீக்கிய பிறகு அதிக நாள் தாங்காது, சிக்கு வாடை அடிக்கும், பூச்சி விழும். ஆக, விற்பதற்கு ஆள் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இதில் எது ஆய்வு, எது தொழில் என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. ஆனால் ஒன்று. எங்கள் பகுதியில் ஒரு திட்டத்தில் கொடுத்த மெஷின் சமுதாயக் கூடத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும், கூடத்தில் இருப்பது ஒருமுனை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

---

நேரா_பேசு | சனி, மதியம் 1:20

அதற்குப் பெயர் ஆய்வா? பொது அறிவு.

---

உலக்கைக்காரி | சனி, மதியம் 1:26

பொது அறிவுதான். திட்டம் போட்டவருக்கு அது இல்லாமல் போனதால்தான் யாராவது போய்க் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

---

கணக்குப்புள்ளை | சனி, மாலை 5:40

ஒரு பெரிய உதாரணம் தருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் இக்ரிசாட் இருக்கிறது. மானாவாரி நிலத்துப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம், 1972-ல் தொடங்கியது. அங்கே சோளத்தில் புரதத்தின் தரத்தைக் கூட்ட வேண்டும், குறிப்பாக லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒரு வேகம் இருந்தது. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அதே பேச்சுதான்: ஏழைகளுக்குப் புரதம் போதவில்லை, தானியத்திலேயே அதை ஏற்றிவிடுவோம்.

1975-ல் அதே நிறுவனத்தின் பொருளாதாரப் பிரிவு ஆறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. மகாராஷ்டிராவில் அகோலா, சோலாப்பூர் மாவட்டங்களில் நான்கு, இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகரில் இரண்டு. கணக்கெடுப்பவர்கள் அந்தந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை டேப்லட்டோடு எட்டிப்பார்க்கிற வேலை இல்லை. அதே குடும்பங்களிடம் சில வாரங்களுக்கு ஒருமுறை போய், என்ன விதைத்தாய், யாரை வேலைக்கு வைத்தாய், எவ்வளவு கடன், வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பத்தாண்டு விடாமல் எழுதினார்கள். நேரா_பேசு கேட்ட ‘போன வருஷ உரக்கணக்கு’ப் பிரச்சினைக்கு அதுதான் பதில். நினைவிருக்கும்போதே கேட்க வேண்டும்.

அந்தச் சாப்பாட்டுக் கணக்கில் என்ன தெரிந்தது? மக்களுக்குக் குறைவாக இருந்தது புரதமோ லைசினோ இல்லை. மொத்தக் கலோரி குறைவு, கால்சியம் குறைவு, ஏ, பி, சி வைட்டமின்கள் குறைவு. வயிறாரச் சோளம் சாப்பிட்டாலே புரதம் வந்துவிடும். வயிறாரச் சாப்பிட முடியாததுதான் சிக்கல். அதன் பிறகு புரதத் தரத்தை விட விளைச்சலுக்கும் அந்த விளைச்சலின் உறுதிக்கும் முன்னுரிமை போனது. பயிர் விஞ்ஞானிகள் எதைத் தேட வேண்டும் என்பதையே ஆறு ஊர்ச் சமையலறைகள் மாற்றிவிட்டன. விதை முக்கியம் என்று சொல்கிற உங்கள் இயக்குநர்களுக்கு இதைச் சொல்லுங்கள். எந்த விதை என்பதே இப்படித்தான் முடிவானது.

நம்மூரிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அதில் ஒன்று விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு. அதே ஊருக்கு 1930-களில், 1980-களில், 2008-ல் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய நிலக்குடும்பத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, தலித் மக்கள் பண்ணை வேலையை மட்டுமே நம்பி நிற்கும் நிலை எப்படி மாறியது என்று ஒரு நூற்றாண்டைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. களையெடுக்க ஆள் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில் மண்ணில் இல்லை, இந்த மாற்றத்தில் இருக்கிறது.

---

நேரா_பேசு | சனி, இரவு 8:11

நல்லா எழுதுறீங்க, ஒத்துக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும். கொல்லிக்காற்றும் லேசாகத் தொட்டுவிட்டார். ‘ரேஷன் அரிசிதான் சிறுதானியத்தைக் கொன்றது.’ அடுத்து ‘ரேஷன் அரிசியைக் குறை’ என்பார்கள். ஏசி அறைப் பொருளாதாரம் எப்போதும் ஏழை வயிற்றில்தான் கை வைக்கும்.

---

கணக்குப்புள்ளை | சனி, இரவு 9:02

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பொருளாதார ஆய்வு எல்லாம் அந்தப் பக்கம் நிற்கவில்லை. 1997-ல் நாடு முழுக்க வறுமைக்கோடு பார்த்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்து எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அடையாளம் கண்டு பிரிக்கப் போனால் உண்மையான ஏழைதான் முதலில் விடுபடுகிறார் என்று கள ஆய்வு செய்தவர்களே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ரேஷனுக்கு அரணாக நின்றதும் ஆய்வுதான்.

அரிசியைக் குறைப்பதா என்று கேட்பதை விட, அந்தப் பையில் வேறு என்ன போடலாம் என்று கேட்கலாம். 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் விரும்பும் அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்குவதற்கு அரசு இருந்தால் விளைவிக்க ஆள் வருவார். கேழ்வரகுக்கு ஆதரவு விலை இருக்கிறது. 2025-26-க்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,369. எண்ணை மட்டும் பார்த்தால் எல்லோரும் ராகிக்கு ஓட வேண்டும். ஓடவில்லை. ஏக்கருக்கு எவ்வளவு விளையும், அறுக்க ஆள் உண்டா, கொள்முதல் நிலையம் எவ்வளவு தூரம், பணம் எத்தனை நாளில் வரும் என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். இது எல்லாமே பொருளாதார ஆய்வுக்குரிய கேள்வி.

வரப்போரம் கவனிக்க: உங்கள் சாமைக்கு மத்திய அரசின் ஆதரவு விலையே கிடையாது. சிறுதானியங்களில் அது சோளம், கம்பு, கேழ்வரகோடு நின்றுவிடுகிறது.

ஒடிசாவைப் பாருங்கள். 2017-ல் பழங்குடிப் பகுதிகளில் சிறுதானிய இயக்கம் தொடங்கியபோதே புவனேஸ்வரத்தில் இருக்கிற நபகிருஷ்ண சௌத்ரி வளர்ச்சி ஆய்வு மையத்தை உள்ளே சேர்த்தார்கள். திட்டம் தொடங்கும்போதே அடிநிலைக் கணக்கு, அப்புறம் நடக்க நடக்கக் கணக்கு. முடிந்த பிறகு வந்து பூமாலை போடுகிற ‘தாக்க மதிப்பீடு’ மாதிரி இல்லை.

---

மட்டுநகரான் | ஞாயிறு, காலை 6:35

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கட நாட்டை விடச் சிறந்த பாடம் கிடையாது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை (உரம்) இறக்குமதியை ஒரே வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலில் நிறுத்தினார்கள். நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாற வேண்டும் என்றார் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச. நஞ்சில்லாத உணவு என்ற நோக்கத்தை யார் எதிர்க்கப் போகிறார்கள்? அந்த ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு நிறுவனம் நாடளாவிய ரீதியில் கமக்காரரிடம் (விவசாயிகளிடம்) கருத்துக் கேட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்துக்கு மாறும் எண்ணத்தை ஆதரித்தார்கள். ஆனால் அப்படி ஆதரித்தவர்களிலேயே பெரும்பான்மையோர் ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். விளைச்சல் விழும் என்ற பயமும் பரவலாக இருந்தது.

கமக்காரன் முட்டாளும் இல்லை, இரசாயனத்துக்கு அடிமையும் இல்லை. நேரம் கொடு, எரு எங்கே கிடைக்கும் என்று சொல், முதல் போகத்து நட்டத்தை யார் தாங்குவது என்று சொல் என்றுதான் கேட்டான். எங்கட பக்கம் பெரும்போகத்துக்கு வயல் இறங்கும்போது கையில் போதிய எருவும் இல்லை, யூரியாவும் இல்லை. நவம்பர் கடைசியில் தடையை விலக்கினார்கள். அதற்குள் வேளாண்மை பாழ். அடுத்த வருடம் அரிசி விலை ஏறியதும் ஆட்சி கவிழ்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பசளை மட்டும் காரணமில்லை, டொலர் தட்டுப்பாடு பெரிய காரணம். ஆனால் வயல்காரன் வீட்டில் முதலில் அடித்தது பசளைதான்.

---

நேரா_பேசு | ஞாயிறு, காலை 9:48

மட்டுநகரான், நீங்கள் என் பக்கம்தான் வாதாடியிருக்கிறீர்கள். ஆய்வு நடந்தது, விவசாயி தெளிவாகச் சொன்னான், ஆனாலும் நவம்பர் வரை யாரும் காது கொடுக்கவில்லை. அப்போது அந்த ஆய்வால் என்ன பயன்?

---

மட்டுநகரான் | ஞாயிறு, காலை 10:20

அந்த ஆய்வு வந்தது தடைக்குப் பிறகு. முன்னரே அரசு கேட்டிருக்க வேண்டியதைத் தனியார் நிறுவனம் பின்னர் கேட்டது. அப்படியும் அது வீண் இல்லை. ‘கமக்காரர் மாற மறுக்கிறார்கள், அவர்களைப் பசளைக் கம்பனிகள் தூண்டிவிடுகின்றன’ என்று சொல்ல இடமில்லாமல் போனது. கையில் எண் இருந்தது. கேட்கிற காது இல்லாவிட்டால் யார்தான் என்ன செய்ய, அது வேறு சண்டை.

---

கொல்லிக்காற்று | ஞாயிறு, காலை 11:37

நேரா_பேசு கேட்டதில் ஒரு பாதிக்கு யாருமே பதில் சொல்லவில்லை. ‘எங்களுக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை’ என்றாரே, அது. எங்கள் மலைக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். எந்த ரகம் எந்தச் சரிவில் என்று எங்கள் பாட்டிமார் சொன்னதெல்லாம் இங்கிலீஷ் கட்டுரையாக எங்கோ இருக்கிறது. சொன்னவர் வீட்டில் அதன் பிரதி இல்லை.

வரப்போரம், ஆய்வுக்குக் காசு ஒதுக்குங்கள், ஆனால் ஒப்பந்தத்தில் ஒன்றை எழுதி வாங்குங்கள். கணக்கெடுத்த ஊரிலேயே கிராம சபையிலோ குழுக் கூட்டத்திலோ தமிழில் முடிவை வாசிக்க வேண்டும், அப்படி வாசித்த பிறகுதான் கடைசித் தவணைப் பணம். ஊரார் முன்னால் வாசித்தால் தப்பான எண்ணெல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். “எங்கூர்ல எங்கப்பா அத்தனை பம்புசெட்டு?” என்று ஒருத்தர் எழுந்து நிற்பார்.

---

வரப்போரம் | ஞாயிறு, மாலை 4:15

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே இயக்குநர் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். தலைவர் ‘பார்ப்போம்’ என்று சொல்லியிருக்கிறார். எங்கள் தலைவரைப் பொறுத்தவரை அது பெரிய சம்மதம்.

நிபந்தனைப்படி வந்திருக்கிற மாதிரிப் படிவம் நாற்பது பக்கத்துக்குக் குறையாது. அதில் ஓடு, தார்சு, ஆடு எல்லாம் இருக்கிறது. இருக்கிற காசுக்கும் ஆட்களுக்கும் அதை முழுக்கக் கேட்க முடியாது. எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்?

---

கணக்குப்புள்ளை | ஞாயிறு, மாலை 5:03

சொத்துப் பட்டியலைச் சுருக்குங்கள், அரசுக் கணக்குகளில் ஓரளவு கிடைக்கும். கடனையும் விற்பனையையும் சுருக்காதீர்கள். சாமையை யாரிடம் விற்றார், விதைக்கும் முன்பே அந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தாரா, எந்த மாதம் விற்றார். அறுவடை மாதத்திலேயே விற்றிருந்தால் அது விலையைப் பார்த்து விற்றதா, கடனுக்காக விற்றதா. கடனுக்காக என்றால் நீங்கள் எவ்வளவு நல்ல விலை அறிவித்தாலும் மூட்டை உங்களிடம் வராது, வியாபாரி வீட்டுக்குத்தான் போகும். அப்போது அறுவடைக்கு முன் சின்னக் கடன் கொடுப்பது மெஷினை விட முக்கியமாகிவிடும். சாமையில் நிறைய மூட்டை நாசிக் வரைக்கும் போய் அரைபட்டுத் திரும்பி நம் கடைக்கே வருகிறது. நடுவில் யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஒரு பொட்டலத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அதற்கு வீடு வீடாகப் படிவம் தேவையில்லை, ஒரு ஆள் லாரியில் போனால் போதும்.

---

உலக்கைக்காரி | ஞாயிறு, மாலை 6:44

படிவத்தில் ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்று முதல் கட்டம் இருக்கும். அங்கேயே பாதி தப்பு தொடங்கிவிடும். திண்ணையில் இருக்கிற ஆம்பளை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதற்கும் அவரே சொல்லுவார், “எல்லாம் சாமைச் சோறுதான்” என்று. உள்ளே உலையில் ரேஷன் அரிசி கொதிக்கும்.

பெண்களிடம் தனியாக, பெண் கணக்கெடுப்பாளரே கேட்க வேண்டும். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில் வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம் என்று வந்தது. உங்கள் சாமைத் திட்டம் அந்த 299-ஐக் கூட்டுமா குறைக்குமா? வரிசை விதைப்பு என்பீர்கள், அதில் களை யார் எடுப்பது? பெண்கள் குழுவே மெஷின் நடத்தட்டும் என்பீர்கள், அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? இதற்கெல்லாம் படிவத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கடைசியாக, போன வாரத்தில் எத்தனை நாள் சாமை சமைத்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பண்டிகை, விரதம், விருந்தாளி நாளைத் தனியாகக் கேட்க வேண்டும்.

---

நேரா_பேசு | ஞாயிறு, இரவு 7:30

மும்முனை மின்சாரம் இருக்கா என்பதையும் சேருங்கள்.

---

வரப்போரம் | ஞாயிறு, இரவு 7:41

சேர்த்தாச்சு. மெஷின் வைக்கப் பேசி வைத்த கட்டடத்தில் ஒருமுனைதான் வருகிறதாம், இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். மும்முனைக்கு மின்வாரியத்தில் மனுப் போட என்னென்ன தாள் வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? கட்டடம் பஞ்சாயத்துப் பெயரில் இருக்கிறது.